காத்தடிச்ச வள்ளமும் காய்ஞ்ச ஆறும்

மோனை, நீ அனுப்பின வொய்ஸைக் கேட்டனான். மூண்டு தரம் கேட்டனான். முதல் தரம் அப்பம்மா பக்கத்தில இருந்து அம்மியில சம்பல் அரைச்சவ, ஒண்டும் கேக்கேல்லை. ரெண்டாம் தரம் கேட்டுது, ஆனா நீ தமிழில தொடங்கி இங்கிலீசில முடிச்சபடியால் விளங்கேல்லை. மூண்டாம் தரம் பக்கத்து வீட்டுப் பெட்டையைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டனான். விசயம் இதுதானாம்: வாற வருசம் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரப்போறாய். கனகராயன் ஆத்தில ஐஞ்சு நாள் வள்ளப் பயணம். ஆளுக்கு இவ்வளவு டொலர் எண்டு வாங்குவாய். நீ முதலாளி, நான் வழிகாட்டி.

நல்ல யோசனை ராசா. எனக்கு எழுபத்தெட்டு வயது. இத்தினை காலத்தில ஒருத்தரும் என்னை வழிகாட்டி எண்டு கூப்பிட்டதில்லை. "அப்பு, கொஞ்சம் வழியை விடுங்கோ" எண்டுதான் கூப்பிட்டவை.

அதால நானும் பதிலை வொய்ஸாய் அனுப்புறன். கொஞ்சம் நீளும். டேற்றா உன்ர காசு.

முதல் போன முறை நடந்ததை ஒருக்கா நினைச்சுப் பார். ஆவணி மாசம் வந்து இறங்கினனி, ரெண்டு சூட்கேசோட. ஒண்டில எங்களுக்குச் சொக்கிலேற் இருக்கும் எண்டு நினைச்சன். திறந்தால் உள்ள ஒரு வள்ளம்! பாய் சுத்தின மாதிரி மடிச்சுக் கிடக்குது. முத்தத்தில விரிச்சு, நீயும் உன்ர சிநேகிதங்கள் ரெண்டு பேரும் மாறி மாறிக் காத்தடிச்சியள். கனடாவில இருந்து கொண்டு வந்த பம் அரைவாசியில பிழைச்சுப் போச்சு. மிச்சம் என்ர சைக்கிள் பம்தான். வாய் பொருந்தேல்லை எண்டு பழைய ரியூப் துண்டு ஒண்டை வெட்டிச் சுத்தி இறுக்கினது ஆர்? வழிகாட்டிதான்.

அது ஊதி எழும்பின நேரம் கோழியெல்லாம் வேலிக்கு அங்கால. நாய் ரெண்டு நாள் குரைச்சுது. ஆட்டுக்கடா மட்டும் கிட்ட வந்து, மணந்து பாத்து, உள்ள ஏறிப் படுத்திட்டுது. உன்ர வள்ளத்தின்ர முதல் பயணி அதுதான். கரைசேந்த ஒரே பயணியும் அதுதான்.

பிறகு லான்மாஸ்ரர் பெட்டியில வள்ளத்தை ஏத்தி ஆத்தடிக்குப் போனம். நீங்கள் மூண்டு பேரும் செம்மஞ்சள் லைஃப் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு நிமிந்து இருந்தனியள். சந்தியில நிண்ட சனம் எலக்சன் ஊர்வலம் எண்டு நினைச்சுது. ஒரு மனிசன் சைக்கிளை விட்டு இறங்கியே கேட்டவர், "அண்ணை, உது எந்தக் கட்சி?" எண்டு. வள்ளச் சின்னம் எண்டு சொன்னன். தலையை ஆட்டிப்போட்டுப் போனவர். போட்டிருப்பார் எண்டுதான் நினைக்கிறன்.

பாலத்துக்குக் கீழ இறங்கி நிண்டு நீ கேட்ட கேள்வி நான் கட்டையில போகும் வரைக்கும் மறக்காது. "அப்பப்பா, ஆறு எங்க?"

ஆத்துக்கு நடுவில நிண்டுகொண்டு ஆறு எங்க எண்டு கேட்ட ஆள் நீ ஒருத்தன்தான். மண் குதிரையை நம்பி ஆத்தில இறங்கினவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறம். காத்துக் குதிரையோட மண் ஆத்தில இறங்கினவனை அண்டைக்குத்தான் கண்ணால கண்டம்.

கனகராயன் ஆறு மாரி ஆறு மோனை. வவுனியா வடக்குக் காட்டுக்குள்ள பிறந்து, வடக்குப் பாத்து வந்து, இரணைமடுக் குளத்தில நிறையும். நிறைஞ்சு மிஞ்சினது வான் பாய்ஞ்சு சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும். ஐப்பசி மழைக்கு வேலைக்கு வரும். மார்கழியில மதம் பிடிச்ச மாதிரி நிக்கும். தை, மாசியோட மெலிஞ்சு, பங்குனி சித்திரையில சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிடும். பிறகு மடுக்களில மட்டும் கொஞ்சத் தண்ணி தேங்கி நிக்கும். அந்த மடுக்களில ஆர் இருக்கிறது எண்டு பிறகு சொல்லுறன். நீ ரொறன்ரோவில லீவு கிடைக்கிற மாசத்தைப் பாத்து வந்தனி. ஆறு உன்ர கந்தோரில கேட்டு லீவு எடுக்கிறேல்லை.

அண்டைக்கு நான் மணலில குந்தினது நினைவிருக்கே? மேல் மணல் கால் வைக்கேலாமல் சுட்டது. கையால கிளற, ஒரு முழத்தில நிறம் மாறி ஈரம் தட்டுப்பட்டுது. இன்னும் ஒரு சாண் போக, குழியின்ர மேற்குப் பக்கத்தால மட்டும் மெல்லக் கசிஞ்சு வந்தது. முதல் ஊறினது பால்த்தேத்தண்ணி நிறம். சிரட்டையால அள்ளி எறிஞ்சன். ரெண்டாம் ஊறலையும் எறிஞ்சன். மூண்டாவது கொஞ்சம் தெளிவு. நாலாவதில அடி மணல் ஒவ்வொண்டாய்த் தெரிஞ்சுது. உன்ர சிநேகிதன் ஏதோ ஒரு வில்லையைப் போட்டு அரை மணித்தியாலம் பொறுக்க வேணும் எண்டவன். அவன் மணிக்கூட்டைப் பாத்து முடிக்க முன்னம் நானும் லான்மாஸ்ரர் ஓடின பெடியனும் குடிச்சு, முகம் கழுவி, வெத்திலையும் போட்டிட்டம்.

பக்கத்தில இன்னொரு குழி கிடந்தது, பெரிசாய். "இது ஆர் கிண்டினது?" எண்டு கேட்டனி. யானை எண்டன். உடன நீங்கள் மூண்டு பேரும் ஜக்கற்றின்ர கொழுக்கியை இறுக்கினியள். யானை வந்தால் லைஃப் ஜக்கற் என்ன செய்யும் எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை.

அண்டைக்கு அந்த ஆத்தில ஓடினது ரெண்டே ரெண்டு. ஒண்டு, மணல் ஏத்த வந்த உழவு மிசின். மற்றது, எங்களைக் கண்டு பொலிஸ் எண்டு நினைச்சு அதை விட்டிட்டுக் காட்டுக்குள்ள ஓடின றைவர்.

சரி, உன்ர நஹானிக் கதைக்கு வருவம். நீ போனில காட்டின படங்களை நான் பகிடியாய்ப் பாத்தன் எண்டு நினைச்சிருப்பாய். வடிவாய்த்தான் பாத்தன். சம்பளம் பேசேக்க உதவும்.

கனடாவின்ர வடமேற்கு மூலையில ஒரு ஆறு. அங்க றோட்டு இல்லை. போர்ட் சிம்சன் எண்ட ஊரில இருந்து தண்ணியில இறங்குற குட்டி விமானம், அதில ஆளையும் வள்ளத்தையும் ஏத்திக்கொண்டு போய் விட்டிட்டுத் திரும்பியிடும். அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை ஆறு கொண்டு போற இடத்துக்குத்தான் நீங்கள். உன்ர ரெண்டு மாசச் சம்பளம் அதுக்கே போச்சுதாம். நடுவில வேர்ஜினியா அருவி, 90 மீற்றருக்கு மேல உயரம், நயாகராவைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதில வள்ளத்தோட குதிக்கேலாது எண்டபடியால், வள்ளத்தைத் தோளில தூக்கி, சாமானைச் சுமந்து, கரையால இறங்கி அடிக்குப் போனனியள்.

இதைத்தான் நான் அப்பம்மாவுக்குச் சொன்னனான்: "உன்ர பேரன் காசு குடுத்து வள்ளத்தைச் சுமந்தவன்." அவ நம்பேல்லை. "வள்ளம் ஆளைச் சுமக்கத்தானே காசு?" எண்டு கேட்டவ. நான் படத்தைக் காட்டினன். மூக்கில நுளம்பு குந்தியிருக்கிறதும் தெரியாமல் நீ சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய். அவ ஒரு நேர்த்தி வைச்சவ.

அந்த இடத்துப் பேர்களைப் பாத்தன். தலையில்லா மலைத்தொடர். செத்தவீட்டு மலைத்தொடர். செத்தவர் பள்ளத்தாக்கு. பொன் தேடிப் போன மக்லியோட் எண்ட தமையன் தம்பி ரெண்டு பேரை 1908-ல தலை இல்லாமல் கண்டெடுத்தவையாம். எங்கட ஊரில அப்படி ஒண்டு கண்டால் பொழுதுபட்டால் அந்தப் பக்கம் போகமாட்டம். உங்கட ஊரில அதைச் சொல்லியே ரிக்கற் விக்கினம். வியாபாரம் தெரிஞ்ச சனம். எங்கட பேர்களைப் பார்: கனகராயன்குளம், ஒலுமடு, அம்பகாமம், முத்தையன்கட்டு. பேரைக் கேட்டால் இஞ்ச ஒருத்தரும் செத்த மாதிரித் தெரியாது. செத்தவை இல்லாமல் இல்லை. பேர் வைக்கேல்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்டில அப்ப பிரதமராய் இருந்த பியர் ட்ரூடோ, மற்ற ட்ரூடோவின்ர தேப்பன், 1970-ல அந்த ஆத்துக்கு வள்ளத்தில போனவராம். பிறகு 1976-ல அதைத் தேசியப் பூங்கா ஒதுக்கிடம் ஆக்கினவை. 1978-ல யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில முதல் தொகுதியிலயே சேத்துது. எங்கட ஆத்தையும் பெரிய ஆக்கள் பாத்திருக்கினம். மேலால, ஹெலிகொப்ரரில, வெள்ளம் வந்த நேரம்.

அது ஏன் பூங்கா எண்டு சொல்லாமல் "ஒதுக்கிடம்" எண்டு சொல்லினம் எண்டு கேட்டன். அந்தக் காணி அங்கத்தைப் பூர்வீகச் சனமான டெனே ஆக்களின்ர எண்டு ஒரு உரிமைக் கோரிக்கை இருக்கு, அது தீரும் வரைக்கும் அப்பிடித்தான் எழுதுவினம் எண்டு சொன்னாய். அந்த இடத்தில மட்டும் உன்ர கனடா எனக்குச் சொந்த ஊர் மாதிரி இருந்தது. இஞ்ச கேப்பாப்புலவில சனம் றோட்டில குந்தியிருந்து ஆமி பிடிச்சு வைச்சிருந்த தங்கட காணியைக் கேட்டது. காணி ஆரின்ர எண்டு எழுதி முடியிற வரைக்கும் பலகையில என்ன போடுறது எண்டதுதான் உலகம் முழுக்கப் பிரச்சினை போல.

உன்ர வழிகாட்டியைப் பற்றி ஒரு விசயம் எனக்கு மெய்யாய்ப் பிடிச்சது. அவர் தண்ணியை வாசிக்கிறவர் எண்டாய். தண்ணியின்ர மேல்முகத்தில ஆப்பு மாதிரி ஒரு கூர் தெரியும். அந்தக் கூர் கீழ்ப்பக்கம் பாத்தால் வழி இருக்கு, மேல்ப்பக்கம் பாத்தால் அந்தக் கூரில கல் இருக்கு. சுழி இருக்கிற இடத்தில தண்ணி பின்னால வரும், அதில வள்ளத்தை ஒதுக்கி மூச்சு விடலாம். அந்த மனிசனோட எனக்குக் கதைக்க வேணும். நான் அறுபது வருசமாய் வாய்க்கால் தண்ணி பாக்கிறவன். இராத்திரி லாம்பு இல்லாமல் வரம்பில நிண்டு, சத்தத்தை வைச்சே மேல்வயல்காரன் எத்தினை வக்கடையைக் களவாய் வெட்டி விட்டிருக்கிறான் எண்டு சொல்லுவன். அதுவும் வாசிப்புத்தான். அவருக்கு அதுக்கு டொலர், எனக்கு அதுக்கு அடிபிடி.

இனி உன்ர பன்னிரண்டு பேருக்கும் சொல்ல வேண்டிய புத்தியைக் கேள்.

கரடி. நஹானியில கரடிக்கு மிளகாய் அடிக்கிற போத்தல் ஒண்டை இடுப்பில கட்டினனி. சாப்பாட்டை மூடி இறுக்கின பீப்பாயில வைச்சனியள். எங்கட கரடி உங்கட கரடியிலும் பாக்கச் சின்னன், குணம் மோசம். பாலைப்பழக் காலத்தில மரத்துக்கு மேல அது, கீழ பழம் பொறுக்கிற நாங்கள். திடீரெண்டு கண்டால் அதுக்குப் பயம். பயந்தால் ஆளின்ர முகத்தைத்தான் தேடும். அதால காட்டுக்குள்ள போறவை கதைச்சுக்கொண்டு போவினம், கூக்காட்டுவினம். போக முன்னம் ஒரு கொப்பை முறிச்சு ஐயனாருக்கு வைச்சுக் கும்பிட்டிட்டுத்தான் அடியெடுத்து வைக்கிறது. கொப்புக்குக் காசு இல்லை. போத்தலைக் கொண்டு வாறதெண்டால் கொண்டு வா, அப்பம்மாவுக்குக் குழம்புக்கு உதவும்.

நுளம்பு. அங்க முகத்துக்கு வலை போட்டுக்கொண்டு சாப்பிட்டனியாம். எங்கட நுளம்பை ஏளனமாய் நினைக்காத. என்ர சின்ன வயதில வன்னிக்கு உத்தியோகம் மாறி வாறவை கொயினாவைப் பொக்கற்றில வைச்சுக்கொண்டுதான் வருவினம். மலேரியா இல்லாத நாடு எண்டு 2016-ல உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சேட்டிபிக்கற் குடுத்தது. இப்ப கடிக்கிறது சேட்டிபிக்கற் எடுத்த நுளம்பு.

முதலை. மடுக்களில இருக்கிற ஆள் அவர்தான். கோடையில தண்ணி வத்த, கரையில வங்கு தோண்டி உள்ள படுத்திடுவார். மருதமர வேருக்குக் கீழ வடிவான இருட்டு வாசல் ஒண்டைக் கண்டு, உன்ர சிநேகிதன் தலையை உள்ள விட்டுப் படம் எடுக்கப் போனவனே! நான் கத்தினது அதுக்குத்தான். அது வீட்டுக்காரர் உள்ள இருக்கிற வீடு.

கூடாரம். ரெண்டு கிழமை துணிக் கூடாரத்தில படுத்தது வாழ்க்கையில மறக்கேலாத அனுபவம் எண்டாய். எங்களுக்கும் மறக்கேலாது. 2009-ல செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில 2 லட்சத்துக்கு மேல சனம் அப்பிடித்தான் படுத்தது. ஒரு சதம் கட்டேல்லை. கூடாரம் இலவசம், சாப்பாடு இலவசம், சுத்திவர முள்ளுக்கம்பியும் இலவசம். குறூப் ரிப் எண்டால் அதுதான் குறூப். அதால உன்ர ஆக்களைக் கூடாரத்தில படுக்க விடு, என்னைக் கூப்பிடாத. எனக்கு ஓடு போட்ட வீடு இருக்கு, சாக்குக் கட்டில் இருக்கு. வழிகாட்டி பொழுதுபட லான்மாஸ்ரரில வீட்டை போய், விடிய வருவார் எண்டு விளம்பரத்திலயே போட்டுவிடு.

கையெழுத்து. நஹானிக்குப் போக முன்னம் ஒரு கடுதாசியில ஒப்பம் வைச்சனி, செத்தால் அவை பொறுப்பில்லை எண்டு. உதை இஞ்ச செய்யாத. எங்கட சனத்திட்டக் கடுதாசியை நீட்டி ஒப்பம் வை எண்டால், என்னவோ பறிக்கப் போறாங்கள் எண்டு பொலிசடி மட்டும் போயிடுவினம்.

நானும் ஒருக்கா வழிகாட்டியோட, குழுவாய், வள்ளத்தில போனனான் மோனை. உனக்குச் சொன்னதில்லை. 1993, மாசி மாசம், சண்டைக் காலம். கொப்பர் அப்ப யாழ்ப்பாணத்தில படிச்சுக்கொண்டிருந்தவர். ஆனையிறவுப் பாதை பூட்டு. கிளாலிக் கடல்நீரேரிதான் பாதை. பூநகரிப் பக்கத்தில பொழுதுபடும் வரைக்கும் மணலில குந்தியிருந்தம். என்ர மடியில ஒரு சாக்கு மொட்டைக்கறுப்பன் அரிசி, கொப்பருக்கு. இருட்டினாப் பிறகு வள்ளங்களை ஒண்டுக்குப் பின்னால ஒண்டாய்க் கயித்தில கட்டி, முன்னுக்கு ஒரு மோட்டர் இழுத்தது. லைஃப் ஜக்கற் இல்லை. ஒப்பம் கேக்கேல்லை. ஆனா ஓட்டி சரியான கண்டிப்பு. சுருட்டுப் பத்தப்படாது. கதைக்கப்படாது. வள்ளத்தின்ர அடியில தண்ணி ஊறி என்ர அரிசிச் சாக்கை நனைக்குது, நான் சிரட்டையால அள்ளுறன், அள்ளுற சத்தம் கூடாது எண்டு ஓட்டி கையைப் பிடிக்கிறார். பிறகு உள்ளங்கையால அள்ளினன். எனக்கு முன்னால ஒரு பிள்ளைத்தாய்ச்சி, பக்கத்தில ஒரு கிழவர், சைக்கிளைக் கட்டிப் பிடிச்சபடி ஒரு வாத்தியார். அந்த வருசம் தை 2-ந் திகதி அதே தண்ணியில நேவி சுட்டுக் கன சனம் செத்தது, எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. விடியக் கிளாலியில இறங்கினம். கொப்பர் அரிசியைப் பாத்திட்டு, "என்னப்பு, நனைஞ்சு போச்சு" எண்டவர். நல்ல காலம், அடியில ஒரு கொத்துத்தான்.

அந்த ஓட்டியின்ர பேர் எனக்கு இப்பவும் தெரியாது. தண்ணியை வாசிச்ச மனிசன் எண்டால் அவர்தான், அதுவும் இருட்டில.

உன்ர மற்றச் சிநேகிதன், காதில தோடு போட்டவன், நந்திக்கடலில வள்ளம் விட்டால் என்ன எண்டு கேட்டவன். தண்ணி பரந்து, ஆழம் குறைஞ்சு, வடிவாய் இருக்குதாம். வடிவுதான். அங்க வேண்டாம். ஏனெண்டு கொப்பரைக் கேள். அவர் சொல்லமாட்டார். அவ்வளவுதான் பதில்.

அப்ப எப்ப வாறது எண்டு கேப்பாய். மார்கழியில வந்தால் ஆறு இருக்கும் எண்டு நினைக்கிறாய். இருக்கும், நீ இருக்கமாட்டாய். 2018 மார்கழியில ஒரே ராவில மழை கொட்டி, கிளிநொச்சியிலயும் முல்லைத்தீவிலயும் வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தது. மாடுகள் போச்சு, வயல் போச்சு. அந்த நேரம் ஆத்தில மிதந்ததெல்லாம் முழு மரங்கள், வேரோட. உன்ர காத்தடிச்ச வள்ளத்துக்கு ஒரு முள்ளுக் கொப்பே போதும்.

அதைவிடப் பெரிய சிக்கல் இரணைமடு. நஹானி ஒருத்தரும் மறிக்காமல் ஓடுற ஆறு. எங்கட ஆத்தை மறிக்காமல் விட்டால் நாங்கள் பட்டினி. நாலாம் நாள் உன்ர வள்ளம் குளத்துக்குள்ள வந்து, அஞ்சாம் நாள் குளக்கட்டில முட்டும். அங்க இறங்கினால் கமக்காரர் அமைப்பு ஆக்கள் நிப்பினம். ஆத்தில போட்டாலும் அளந்து போடு எண்டு பழமொழி. இஞ்ச நாங்கள் ஆத்தையே அளந்துதான் விடுறது. சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர், ஆருக்கு எத்தினை நாள் தண்ணி எண்டு அரசாங்க அதிபர் தலைமையில கூட்டம் போட்டு, மத்தியானச் சாப்பாடும் ஆறிப்போகச் சண்டை பிடிச்சு முடிவெடுக்கிறது. யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் குடிக்கத் தண்ணி கேட்டு வந்தவையோடயே எத்தினை வருசம் இழுபறி! நீ ரொறன்ரோக்காரர் விளையாடத் தண்ணி கேக்கப் போறாய். கேள். நான் பின்வாங்கில இருந்து பாக்கிறன்.

வாறதெண்டால் தை கடைசியில வா. இப்ப மாதிரி. பொங்கல் முடிஞ்சு ஒரு கிழமை, வெய்யில் இன்னும் சுடேல்லை. ஆறு சத்தம் குறைஞ்சு, முழங்கால் மட்டுத் தண்ணி, அடி மணல் தெரியுது. குளம் நிறைஞ்சு அலைகரைக் காடு வரைக்கும் ஏறி நிக்குது. பட்ட மரங்களில நீர்க்காகம் செட்டையை விரிச்சுக் காயுது. குளத்தில மீன்பிடிக்கிற பெடியள் தோணி வைச்சிருக்கிறாங்கள், தடி ஊண்டி விடுவாங்கள். ஒரு விடியப்புறம், ஒரு பின்னேரம், அது காணும். அடுத்த நாள் சுண்டிக்குளத்துக்குப் போய்ப் பூநாரை பாருங்கோ. 2015-ல அதைத் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கினம், கரையில நிண்டு பாத்தால் தண்ணிக்கு மேல இளஞ்சிவப்புக் கோடு கீறின மாதிரி நிக்கும். ஐஞ்சு நாள் எண்டதை ரெண்டு நாளாக்கு. காசை மட்டும் ஐஞ்சு நாளுக்கு வாங்கு; உன்ர ஆக்கள் மிச்ச மூண்டு நாளும் வயிறு சரியில்லாமல் அப்பம்மாவின்ர கைவைத்தியத்தில கிடப்பினம், அதுவும் சேவைதானே.

வரேக்க முறிகண்டியில வானை நிப்பாட்டு. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், ஆளுக்கு ஒரு பை கச்சான். தேங்காயை மறந்தாலும் அவர் பொறுப்பார். கச்சானை மறந்தால் அப்பம்மா பொறுக்கமாட்டா.

இப்ப சம்பளம். நஹானி வழிகாட்டி பாறையைப் பாக்கிறார், சமைக்கிறார், கதை சொல்லுறார், ஆள் விழுந்தால் கயிறு எறியிறார். நான் கதை சொல்லுவன். மற்ற மூண்டுக்கும் ஆள் பிடி. மத்தியானம் ஒண்டரையில இருந்து மூண்டு மணி வரைக்கும் ஆறு எந்தப் பக்கம் ஓடினாலும் நான் நித்திரை. வெத்திலைச் செலவு தனி. சமையல் அப்பம்மா எண்டால் அவவின்ர கணக்கை அவவோட பேசு. என்னை இழுக்காத, நான் ஐம்பத்தி ரெண்டு வருசமாய்ப் பேசித் தோத்த ஆள்.

நீ விட்டிட்டுப் போன ஒரு லைஃப் ஜக்கற்றை வயலில வெருளிக்குப் போட்டிருக்கிறன். கதிர் முத்துற நேரம், கிளித் தொல்லை. முதல் நாள் ஒரு கிளி வரேல்லை. ரெண்டாம் நாள் வேலியில இருந்து பாத்துது. மூண்டாம் நாள் விடியப் போனால் மயில் ஒண்டு வெருளியின்ர தோளில ஏறி நிண்டு, அந்த விசில் நூலைச் சொண்டால இழுத்துப் பாக்குது.

வள்ளத்தைப் பற்றி நீ கேக்கவேயில்லை. அது இருக்கு. ஐப்பசியில விதைநெல் ஊறப்போடத் தொட்டி வெடிச்சுப் போச்செண்டு, அப்பம்மா அதை மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில வைச்சு, கிணத்துத் தண்ணி நிரப்பி, ரெண்டு சாக்கு நெல்லை உள்ள இறக்கினவ. வெளியில தண்ணி கிடைக்காத வள்ளத்துக்கு உள்ளயாவது கிடைச்சுது. முளை நல்லாய் வந்தது. அதால வரேக்க வேற வள்ளம் கொண்டு வா ராசா. உதை அவ தரமாட்டாவாம், சிறுபோகத்துக்கும் வேணுமாம். பம் கொண்டு வர வேண்டாம். என்ர சைக்கிளில இருக்கு.